தங்கத்தின் பண்புகளும் மாற்றும்

தங்கம் அல்லது பொன் என்பது மஞ்சள் நிறமும் மிகுந்த அடர்த்தியும் கொண்ட ஓர் உலோகத் தனிமம் ஆகும். இதன் அணு எண் 79. அணு நிறை ஏறத்தாழ 197. தனிம வரிசை அட்டவணையில் செம்பு, வெள்ளி ஆகியவற்றோடு ஒரே தொகுதியில் இடம்பெறுகிறது. நகை, நாணயம், கோயில் திருப்பணி, மின்னணுக் கருவிகள், பல் மருத்துவம் எனப் பல துறைகளில் பயன்படுகிறது.

தங்கம் வாங்குபவர் இரண்டு செய்திகளை அறிய வேண்டும். ஒன்று, பொருளின் எடை. மற்றொன்று, அந்த எடையில் உண்மையான தங்கம் எவ்வளவு என்பது. முதல் கேள்விக்குத் தராசு விடை தந்துவிடும். இரண்டாவது கேள்விக்குக் கண்ணால் பார்த்து விடை சொல்ல இயலாது. எனவே தங்கத்தின் தூய்மையை அளக்க மாற்று, காரட் முதலிய அளவுகளும், உரைகல் முதல் எக்ஸ் கதிர் வரையிலான சோதனை முறைகளும் தோன்றின. இவற்றைத் திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிச் சான்றுகளோடு இக்கட்டுரை விளக்குகிறது.

பெயர்கள்

தமிழில் பொன் என்னும் சொல் தங்கத்தையும், பொதுவாக உலோகத்தையும் குறிக்கும். இரும்பைக் கரும்பொன் என்றும், வெள்ளியை வெண்பொன் என்றும் வழங்கியது இதனால்தான். ஆடகம், சாதரூபம், சாம்பூநதம், கிளிச்சிறை என நான்கு வகைப் பொன்னைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. மதுரைப் பொன் கடைவீதியில் எந்த வகை எங்கே விற்கப்படுகிறது என்பதை அறிய வணிகர்கள் கொடி கட்டியிருந்தனர் என்றும் அந்நூல் கூறுகிறது. தங்கத்தில் தர வேறுபாடு உண்டு என்பதும், அதை வாங்குவோருக்கு அறிவிக்க ஓர் அடையாளம் தேவை என்பதும் தமிழருக்கு மிகப் பழங்காலத்திலேயே தெரிந்திருந்தன.

இயற்பியல் பண்புகள்

தங்கத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 19.3 கிராம். அதாவது ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தைத் தங்கத்தால் நிரப்பினால் அதன் எடை 19.3 கிலோ இருக்கும். வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பின் அடர்த்தி 8.96. தங்கம் 1,064 பாகை செல்சியசில் உருகும்.

தங்கம் மென்மையான உலோகம். மோவின் கடினத்தன்மை அளவில் இதன் மதிப்பு 2.5 முதல் 3 வரை. தகடாக அடிப்பதற்கும் கம்பியாக இழுப்பதற்கும் தங்கத்தைப் போல் இணங்கும் உலோகம் வேறில்லை. ஒரு கிராம் தங்கத்தை ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள இலையாகத் தட்டலாம். 2 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள கம்பியாக இழுக்கலாம். மிக மெல்லிய தங்க இலையை ஒளிக்கு எதிரே பிடித்தால் ஊடுருவி வரும் ஒளி பச்சையாகத் தெரியும்.

இவ்விரு பண்புகளுக்கும் திருச்சிராப்பள்ளி வட்டாரத்திலேயே சான்றுகள் உள்ளன. திருவரங்கம் அரங்கநாதசுவாமி கோயில் கருவறைக்கு மேலுள்ள பிரணவாகார விமானம் பொன் வேய்ந்தது. 1251இல் ஆட்சிக்கு வந்த முதலாம் சடையவர்ம சுந்தர பாண்டியன் இவ்விமானத்துக்குப் பொன் வேய்ந்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. கோயில் பொன் வேய்ந்த பெருமாள் என்ற பட்டப் பெயரும் அவனுக்கு உண்டு. 1311இல் மாலிக் கபூர் படையெடுத்தபோது கோயிலின் செல்வம் சூறையாடப்பட்டது. இன்று காணப்படும் பொன் பூச்சு பிற்காலத் திருப்பணிகளால் அமைந்தது. விமானங்களுக்குப் பொன் வேயும்போது பொதுவாகச் செப்புத் தகட்டின் மேல் மெல்லிய தங்க இலை பதிக்கப்படும். இவ்வளவு மெல்லிய இலையாக மாறும் பண்பு இல்லையென்றால் ஒரு விமானம் முழுவதையும் பொன்னால் மூடுவது எந்த அரசனாலும் இயலாத செயலாகியிருக்கும்.

மற்றொரு சான்று திருச்சினாப்பள்ளிச் சங்கிலி. மிக மெல்லிய தங்கக் கம்பிகளைக் கயிறு போலப் பின்னிச் செய்யப்பட்ட இச்சங்கிலிகள் 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியரிடையே பெயர் பெற்றிருந்தன. கம்பியைப் பின்னிச் சங்கிலி செய்யும் அந்த முறையை இன்றும் மேலை நாட்டு நகைக் கலைஞர்கள் இவ்வூரின் பெயராலேயே குறிப்பிடுவதுண்டு.

தங்கத்தின் மஞ்சள் நிறத்துக்குக் காரணம் அதன் அணு அமைப்பு. அணுக்கருவில் 79 புரோட்டான்கள் இருப்பதால் உள் வட்டத்து எலக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேற்பட்ட வேகத்தில் இயங்குகின்றன. இந்த வேகத்தில் சார்பியல் விளைவுகள் தோன்றி எலக்ட்ரான்களின் ஆற்றல் மட்டங்களை மாற்றுகின்றன. இதனால் தங்கம் நீல ஒளியை உட்கவர்ந்து, மற்ற நிறங்களைத் திருப்பி அனுப்புகிறது. நீலம் நீங்கிய ஒளி கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

வேதிப் பண்புகள்

தங்கம் காற்றிலோ நீரிலோ துருப்பிடிப்பதில்லை. ஐதரோகுளோரிக் அமிலம், நைட்ரிக் அமிலம் ஆகிய இரண்டிலும் தனித்தனியே இது கரையாது. மூன்று பங்கு ஐதரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் சேர்ந்த இராச திராவகத்தில் கரையும். நைட்ரிக் அமிலம் தங்கத்தை ஆக்சிசனேற்றம் செய்கிறது. அவ்வாறு உண்டாகும் தங்க அயனிகளைக் குளோரைடு அயனிகள் பிணைத்துக் கரைசலில் வைத்துக்கொள்கின்றன. இரண்டும் ஒருங்கே செயல்பட்டால்தான் தங்கம் கரையும். பாதரசத்தோடு தங்கம் எளிதில் இரசக்கலவையாகும். காற்று கலந்த சயனைடு கரைசலிலும் கரையும். தாதுவிலிருந்து தங்கத்தைப் பிரிக்க இம்முறை பயன்படுகிறது.

தங்கம் எளிதில் வினைபுரியாததால் அது அழிவதில்லை. நகைப்பட்டறைகள் உள்ள தெருக்களில் குப்பையையும் சாக்கடை மண்ணையும் வாரிச் சலித்துத் தங்கத் துகள் எடுப்போர் தமிழக நகரங்களில் உண்டு. பல ஆண்டுகள் சேற்றில் கிடந்த துகளும் அதே தங்கமாகவே திரும்பக் கிடைக்கும்.

எடையும் தூய்மையும்

திருவரங்கம் கோயிலின் வரலாற்றைக் கூறும் கோயிலொழுகு என்னும் நூல், சுந்தர பாண்டியன் செய்த துலாபாரத்தை விவரிக்கிறது. காவிரியில் ஒரே அளவுள்ள இரண்டு படகுகள் நிறுத்தப்பட்டன. ஒரு படகில் பட்டத்து யானை மேல் அரசன் அமர்ந்தான். மற்றொரு படகு அதே மட்டத்துக்கு நீரில் அமிழும்வரை பொன்னும் மணியும் நிரப்பப்பட்டன. அச்செல்வம் கோயிலுக்கு அளிக்கப்பட்டது என்பது அந்நூல் தரும் செய்தி.

யானையை நிறுக்கத் தராசு இல்லாத காலத்துக்கு இது சரியான அறிவியல் முறை. மிதக்கும் படகு, தன் மொத்த எடைக்குச் சமமான எடையுள்ள நீரை விலக்குகிறது. ஒரே அளவுள்ள இரு படகுகள் ஒரே மட்டத்துக்கு அமிழ்ந்தால் அவற்றின் சுமைகளும் சமம்.

ஆனால் இம்முறை எடையை மட்டுமே காட்டும். யானையும் அரசனும் சேர்ந்து 4,000 கிலோ எனக் கொள்வோம். அதே எடையுள்ள தூய தங்கத்தின் கன அளவு ஏறத்தாழ 207 லிட்டர். அதாவது ஒரு பெரிய எண்ணெய் டிரம்மில் ஏறக்குறைய அடங்கிவிடும். 4,000 கிலோ செம்பின் கன அளவு ஏறத்தாழ 446 லிட்டர். படகில் ஏற்றியது தங்கமானாலும் செம்பானாலும் இரண்டும் கலந்த கலவையானாலும் படகு ஒரே மட்டத்துக்குத்தான் அமிழும். படகுக்கு எடை தெரியும், மாற்றுத் தெரியாது.

தூய்மையை அறிய எடையோடு கன அளவையும் அளக்க வேண்டும். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் ஆர்க்கிமிடீசு, அரசனின் மகுடத்தில் வெள்ளி கலந்துள்ளதா என்பதை நீரில் அமிழ்த்திக் கண்டறிந்ததாகக் கூறப்படும் கதையின் அடிப்படை இதுவே. காவிரிப் படகும் ஆர்க்கிமிடீசின் மகுடமும் நீரையே பயன்படுத்துகின்றன. முன்னது எடையைக் காண்கிறது. பின்னது அடர்த்தியைக் காண்கிறது.

தூய்மையின் அளவுகள்

மாற்று: தங்கத்தின் தரத்தைக் குறிக்கும் பழந்தமிழ் அளவு மாற்று எனப்படும். பத்தரை மாற்றுத் தங்கம் என்பது மிக உயர்ந்த தரத்தைக் குறிக்கும். குற்றமற்ற மனிதரைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்வது இதிலிருந்து வந்த வழக்கு. சோழர் காலக் கல்வெட்டுகள் பொன்னின் எடையையும் தரத்தையும் தனித்தனியே குறிக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயிலில் பொன்னை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லாலும், நகைகளைத் தட்சிணமேரு விடங்கன் என்னும் எடைக்கல்லாலும் நிறுத்தனர். தரத்தைத் தண்டவாணி என்னும் தர அளவோடு ஒப்பிட்டனர். நகையின் உள்ளீடாக அரக்கு இருந்தால் அதையும் குறித்து வைத்தனர். அக்கால எடை அளவுகளில் 2 குன்றி ஒரு மஞ்சாடி. 20 மஞ்சாடி ஒரு கழஞ்சு.

காரட்: தூய தங்கத்தை 24 பங்காகக் கொண்டு, பொருளில் எத்தனை பங்கு தங்கம் உள்ளது என்று சொல்வது காரட் அளவு. 22 காரட் என்றால் 24 பங்கில் 22 பங்கு தங்கம், 2 பங்கு பிற உலோகம். காரட் என்ற சொல் கரோப் என்னும் மரத்தின் விதையிலிருந்து வந்தது. தமிழகத்தில் குன்றிமணி எடைக்கல்லாக இருந்ததுபோல் மத்திய தரைக்கடல் நாடுகளில் அவ்விதை எடைக்கல்லாக இருந்தது. வைரத்தின் எடையைக் குறிக்கும் காரட் வேறு. அது 200 மில்லிகிராம்.

ஆயிரத்தில் பங்கு: இன்று முத்திரைகளில் காணப்படும் 916, 750 போன்ற எண்கள் ஆயிரம் பங்கில் தங்கம் எத்தனை பங்கு என்பதைக் காட்டுகின்றன. 22ஐ 24ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்கினால் 916.67 கிடைக்கும். வழக்கிலுள்ள தரங்கள் பின்வருமாறு:

24 காரட் – 999 அல்லது 995
23 காரட் – 958
22 காரட் – 916
20 காரட் – 833
18 காரட் – 750
14 காரட் – 585
9 காரட் – 375

பவுன் அல்லது சவரன் என்பது தரத்தைக் குறிக்கும் சொல் அன்று. எடையைக் குறிக்கும் சொல். நகை வணிகத்தில் ஒரு பவுன் 8 கிராம். இதன் மூலமான பிரிட்டன் சவரன் நாணயம் 22 காரட் தரமும் 7.988 கிராம் எடையும் உடையது.

உலோகக் கலவைகள்

தூய தங்கத்தில் செய்த நகை எளிதில் வளையும், தேயும், கீறல் விழும். கல் பதித்தால் பிடிப்பு நில்லாது. எனவே நகைக்கான தங்கத்தில் பிற உலோகங்கள் சேர்க்கப்படுகின்றன. தங்க அணுக்களின் வரிசைகளுக்கு இடையே வேறு அளவுள்ள அணுக்கள் புகும்போது வரிசைகள் ஒன்றன் மேல் ஒன்று எளிதில் வழுக்கிச் செல்வதில்லை. அதனால் கலவை கடினமாகிறது. ஆகவே கலப்பு என்பது தன்னளவில் குற்றம் அன்று. எவ்வளவு கலந்தது என்பதை மறைப்பதே குற்றம்.

செம்பு சேர்ந்தால் தங்கம் சிவப்புச் சாயல் பெறும், கடினமும் கூடும். வெள்ளி சேர்ந்தால் நிறம் வெளிறும். அளவு கூடினால் பச்சைச் சாயல் தோன்றும். செம்பையும் வெள்ளியையும் தக்க அளவில் சேர்த்தால் சிவப்பும் வெளிறலும் ஒன்றையொன்று ஈடுசெய்து மஞ்சள் நிறம் நிலைக்கும். இதனால்தான் 18 காரட் நகையும் பார்வைக்கு நல்ல மஞ்சளாக இருக்க முடிகிறது. நிறத்தை மட்டும் நம்பி வாங்குபவர் ஏமாறுவதற்கும் இதுவே காரணம்.

நிக்கல் அல்லது பல்லேடியம் சேர்த்தால் வெண் தங்கம் கிடைக்கும். நிக்கல் சிலருக்குத் தோல் ஒவ்வாமையை உண்டாக்கும். ரோஸ் தங்கம் எனப்படும் செந்நிறத் தங்கத்தில் செம்பு மிகுதி. வெண் தங்கத்துக்கும் பிளாட்டினத்துக்கும் தொடர்பில்லை. பிளாட்டினம் தனி உலோகம்.

22 காரட்டுடன் 18 காரட்டை ஒப்பிட்டால் விலையில் வரும் வேறுபாடு புலப்படும். 5 பவுன், அதாவது 40 கிராம் எடையுள்ள 22 காரட் சங்கிலியில் தூய தங்கம் 36.67 கிராம். அதே எடையுள்ள 18 காரட் சங்கிலியில் தூய தங்கம் 30 கிராம் மட்டுமே. 6.67 கிராம் வேறுபாட்டைத் தராசு காட்டாது.

பற்றவைப்பும் காட்மியமும்

நகையின் உறுப்புகளை இணைக்கப் பொற்கொல்லர் பயன்படுத்தும் பற்றுப்பொருள் பொடி எனப்படும். நகையைவிடக் குறைந்த வெப்பத்தில் உருகும் உலோகக் கலவையைப் பொடியாக்கி, வெண்காரம் சேர்த்து, இணைப்பில் வைத்து ஊதுகுழலால் தீயைச் செலுத்துவர். உள்நோக்கத்தோடு பேசுவதைப் பொடி வைத்துப் பேசுதல் என்பதும் இத்தொழிலோடு தொடர்புபடுத்திச் சொல்லப்படுகிறது.

செம்பும் வெள்ளியும் கலந்த பழைய பொடியில் தங்கத்தின் அளவு குறைவு. பல இணைப்புகள் உள்ள நகையை உருக்கும்போது மொத்தத் தரம் குறைந்து வருவதற்கு இது காரணமாயிற்று. இதற்கு மாற்றாகக் காட்மியம் கலந்த பற்றுப்பொருள் வந்தது. காட்மியம் 321 பாகை செல்சியசில் உருகுவதால் சிறிதளவு சேர்த்தாலே போதும். தங்கத்தின் தரம் பெரிதும் குறையாது. இதுவே கேடிஎம் என்ற பெயரில் பரவியது. ஆனால் 767 பாகையில் காட்மியம் ஆவியாகிவிடும். அந்த ஆவி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் நஞ்சு. அதைச் சுவாசித்தவர் பட்டறையில் வேலை செய்த தொழிலாளியே. எனவே முத்திரை பெறும் நகைகளில் காட்மியம் அனுமதிக்கப்படுவதில்லை. துத்தநாகம் முதலியவை கலந்த பற்றுப்பொருள்கள் இப்போது பயன்படுகின்றன. கேடிஎம் என்பது பற்றவைக்கும் முறையின் பெயர். அது தூய்மைக்குச் சான்று அன்று.

14 காரட் கட்டுப்பாடு

தங்கத்தின் தரம் பலருடைய பிழைப்பையே மாற்றிய நிகழ்வும் இந்திய வரலாற்றில் உண்டு. தங்க இறக்குமதியையும் கடத்தலையும் குறைக்க, மொரார்ஜி தேசாய் நிதி அமைச்சராக இருந்தபோது 1963 சனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் கொண்டுவரப்பட்டன. 14 காரட்டுக்கு மேற்பட்ட புதிய நகைகள் செய்வது தடை செய்யப்பட்டது. 22 காரட்டில் பழகிய கைகளுக்கு 14 காரட் கலவை கடினமாக இருந்தது. மக்களும் அதை விரும்பவில்லை. நாடெங்கும் பொற்கொல்லர்கள் வேலை இழந்தனர்; சிலர் உயிரை மாய்த்துக்கொண்டனர். 1966இல் 14 காரட் வரம்பு நீக்கப்பட்டது. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1990இல் அதுவும் நீக்கப்பட்டது.

தூய்மையைச் சோதிக்கும் முறைகள்

உரைகல்: வழுவழுப்பான கருங்கல்லில் நகையை உரைத்தால் ஒரு கோடு விழும். தரம் தெரிந்த தங்க முனைகளைக் கொண்ட ஆணிகளையும் அருகே உரைத்து நிறத்தை ஒப்பிடுவர். கோட்டின் மேல் அமிலம் தடவினால் செம்பும் வெள்ளியும் கரையும், தங்கம் நிற்கும். கோடு எவ்வளவு மங்குகிறது என்பதைக் கொண்டு தரம் மதிப்பிடப்படுகிறது. இம்முறையில் நகைக்குச் சேதம் மிகக் குறைவு. விடையும் உடனே கிடைக்கும். ஆயினும் இது உரைப்பவரின் கண்ணையும் அனுபவத்தையும் சார்ந்தது. நகையின் மேற்பரப்பை மட்டுமே இது காட்டும்.

அடர்த்திச் சோதனை: நகையைக் காற்றில் ஒருமுறையும் நீரில் தொங்கவிட்டு ஒருமுறையும் நிறுத்து அடர்த்தியைக் கணக்கிடலாம். தூய தங்கத்தின் அடர்த்தி 19.3. செம்பு கலந்த 22 காரட்டுக்கு ஏறத்தாழ 17.6, வெள்ளி கலந்த 22 காரட்டுக்கு ஏறத்தாழ 18.0. செம்பு கலந்த 18 காரட்டுக்கு ஏறத்தாழ 15.0. கல் பதித்த நகைக்கும் உள்ளீடற்ற நகைக்கும் இம்முறை பொருந்தாது. டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி 19.25 என்பதால், டங்ஸ்டன் கட்டியின் மேல் தங்கம் பூசினால் அடர்த்திச் சோதனையும் ஏமாறும்.

எக்ஸ் கதிர் ஒளிர்வு: பொருளின் மேல் எக்ஸ் கதிரைச் செலுத்தினால் அதிலுள்ள ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய ஆற்றலுள்ள கதிரைத் திருப்பி வெளியிடும். அதைக் கொண்டு கருவி சில நொடிகளில் தங்கம், வெள்ளி, செம்பு ஆகியவற்றின் அளவைத் தெரிவிக்கும். நகைக்குச் சேதமில்லை. எனினும் மேற்பரப்பிலிருந்து சிறிதளவு ஆழமே இதற்குத் தெரியும்; தடித்த பூச்சின் உள்ளே இருப்பது தெரியாது.

நெருப்புச் சோதனை: இதுவே இறுதித் தீர்ப்பாகக் கொள்ளப்படும் முறை. நகையிலிருந்து சிறு துணுக்கை எடுத்துத் துல்லியமாக நிறுப்பர். அதோடு தேவையான அளவு வெள்ளியைச் சேர்த்து, ஈயத் தகட்டில் பொதிந்து, துளைகள் நிறைந்த சிறு கிண்ணத்தில் வைத்து 1,000 பாகைக்கு மேல் சூடாக்குவர். ஈயமும் செம்பு போன்ற உலோகங்களும் ஆக்சைடாகிக் கிண்ணத்தில் உறிஞ்சப்படும். தங்கமும் வெள்ளியும் மட்டும் மணியாக நிற்கும். மணியைத் தட்டித் தகடாக்கி நைட்ரிக் அமிலத்தில் இட்டால் வெள்ளி கரைந்துவிடும். எஞ்சிய தங்கத்தை நிறுத்து முதல் எடையோடு ஒப்பிட்டால் தரம் தெரியும். இங்கு எடையே தூய்மையைச் சொல்லிவிடுகிறது. கலந்தவை அனைத்தும் முன்பே நீக்கப்பட்டுவிட்டன என்பதே காரணம்.

ஹால்மார்க் முத்திரை

இச்சோதனைகளை நகை வாங்கும் ஒவ்வொருவரும் செய்துபார்க்க இயலாது. எனவே சோதித்ததற்கு அடையாளமாக முத்திரை இடும் முறை ஏற்பட்டது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000ஆம் ஆண்டில் தங்க நகைகளுக்கு ஹால்மார்க் திட்டத்தைத் தொடங்கியது. 2021 சூன் 16 முதல் 256 மாவட்டங்களில் இது கட்டாயமாக்கப்பட்டு, பின்னர் மேலும் பல மாவட்டங்களுக்கு விரிவாக்கப்பட்டது. முதலில் 14, 18, 22 காரட் நகைகளுக்குக் கட்டாயமாக இருந்தது. பின்னர் 20, 23, 24 காரட்டும், 2025இல் 9 காரட்டும் சேர்க்கப்பட்டன.

இன்றைய முத்திரையில் மூன்று குறிகள் உள்ளன. முதலாவது, அமைவனத்தின் முக்கோணச் சின்னம். இரண்டாவது, காரட்டும் ஆயிரத்தில் பங்கும். மூன்றாவது, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளக் குறியீடு. இந்த ஆறு இலக்கக் குறியீடு இல்லாத முத்திரையோடு நகை விற்பது 2023 ஏப்ரல் 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளது. பிஐஎஸ் கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் குறியீட்டை இட்டால் நகையின் வகை, தரம், விற்பவரின் பதிவு, சோதித்த மையம் ஆகியவை தெரியும்.

2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்கும், குந்தன், போல்கி, ஜடாவ் வகைகளுக்கும் கட்டாய முத்திரையிலிருந்து விலக்கு உண்டு. முத்திரையில் உள்ளதைவிடத் தரம் குறைவு என மெய்ப்பிக்கப்பட்டால், குறைந்த தூய்மைக்குரிய தொகையைப் போல் இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்கு இழப்பீடாகக் கிடைக்க விதி உள்ளது. எடுத்துக்காட்டாக, 22 காரட் முத்திரையுள்ள 40 கிராம் நகை சோதனையில் 20 காரட் என்று தெரிந்தால், குறையும் தூய தங்கம் 3.33 கிராம். அதன் மதிப்பின் இரு மடங்கு இழப்பீடாகும்.

தூய்மைப்படுத்துதலும் கோயில் தங்கமும்

கலவையிலிருந்து தங்கத்தைப் பிரிக்கும் பழைய முறை புடமிடுதல். தங்கத் தகடுகளை உப்பு, செங்கல் தூள் ஆகியவற்றோடு அடுக்கி நெடுநேரம் சூடாக்கினால் வெள்ளி குளோரைடாக மாறிப் பிரிந்துவிடும். புடம்போட்ட தங்கம் என்னும் வழக்கு இதிலிருந்து வந்தது. தற்காலத்தில் உருகிய தங்கத்தில் குளோரின் வளிமத்தைச் செலுத்தும் மில்லர் முறையில் ஏறத்தாழ 99.5 சதவீதமும், மின்பகுப்பு வழியான வோல்வில் முறையில் 99.99 சதவீதமும் தூய்மை பெறலாம்.

பக்தர்கள் கோயில் உண்டியலில் இடும் தாலி, மோதிரம், கண்மலர் முதலியவை பல தரத்தவை. பயன்படுத்த இயலாத இத்தகைய காணிக்கைகளை மும்பையிலுள்ள மத்திய அரசின் நாணயச் சாலையில் உருக்கி, 24 காரட் கட்டிகளாக்கி, வங்கியில் முதலீடு செய்யும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 அக்டோபரில் தொடங்கியது. தொடக்கத்திலேயே இடம்பெற்ற மூன்று கோயில்களுள் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துச் சமயபுரம் மாரியம்மன் கோயிலும் ஒன்று. 2025 ஏப்ரலில் வெளியான அரசு விவரப்படி 21 கோயில்களின் தங்கம் 1,000 கிலோவுக்கு மேல். அதில் சமயபுரம் கோயிலுக்குரியது மட்டும் ஏறத்தாழ 424 கிலோ. உருக்கித் தூய்மை செய்த பிறகே இத்தங்கத்தின் எடையும் மதிப்பும் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன.

திருவரங்கத்தில் ஆண்டுதோறும் ஆனி மாதக் கேட்டை நட்சத்திரத்தில் ஜேஷ்டாபிஷேகம் நடைபெறுகிறது. அன்று காவிரியிலிருந்து ஒரு தங்கக் குடத்தில் யானை மீதும், 28 வெள்ளிக் குடங்களிலும் புனித நீர் கொண்டுவரப்படும். நம்பெருமாளின் தங்கக் கவசங்களும் திருவாபரணங்களும் களையப்பட்டு, பழுது நீக்கி, தூய்மை செய்யப்பட்டு, எடை சரிபார்க்கப்படும். தூய தங்கம் கறுப்பதில்லை என்றாலும், கலவையிலுள்ள செம்பும் வெள்ளியும் காற்றோடு வினைபுரிந்து நகையின் மேல் மங்கலை உண்டாக்கும். எண்ணெயும் சந்தனமும் புகையும் அதன் மேல் படியும். உராய்வால் எடையும் சிறிது குறையும். ஆண்டுக்கொரு முறை எடை பார்ப்பதற்கு இவையும் காரணங்களாகும்.

நகை வாங்குவோர் அறிய வேண்டியவை

22 காரட் நகைக்கு 22 காரட்டுக்குரிய அன்றைய விலையே பொருந்தும். 24 காரட் விலையை அதற்குக் கணக்கிடக் கூடாது. செய்கூலியும் சேதாரமும் நகை செய்யும் செலவுக்கு உரியவை. அவை கூடுவதால் தூய்மை கூடாது. கல், அரக்கு, நூல் ஆகியவற்றின் எடையைக் கழித்துத் தங்கத்தின் நிகர எடையை ரசீதில் தனியே எழுதி வாங்க வேண்டும். காரட், ஆயிரத்தில் பங்கு, முத்திரைக் கட்டணம் ஆகியவையும் ரசீதில் இருக்க வேண்டும். முத்திரை மிகச் சிறியது என்பதால் கடையிலேயே உருப்பெருக்கிக் கண்ணாடி கேட்டு, ஆறு இலக்கக் குறியீட்டைப் படித்துச் செயலியில் சரிபார்ப்பது நல்லது. செயலி காட்டும் நகை வகையும் கையிலுள்ள நகையும் ஒன்றுதானா என்பதையும் பார்க்க வேண்டும். வளையலுக்குரிய குறியீடு சங்கிலியில் இருந்தால் அந்நகையை வாங்கக் கூடாது.

பழைய நகையை மாற்றும்போதும் முதலில் தரத்தைச் சோதிக்கச் செய்து, பிறகே விலை பேச வேண்டும். முத்திரை இல்லாத பழைய நகைகளையும் அங்கீகாரம் பெற்ற சோதனை மையங்களில் பொதுமக்கள் கட்டணம் செலுத்திச் சோதித்துக்கொள்ளலாம். நகையை உருக்கிவிட்டால் அதன் முந்தைய தரத்தைப் பற்றி வழக்காட வழியில்லை. ஆகவே உருக்குவதற்கு முன்பே எடையையும் தரத்தையும் எழுத்தில் பெற்றுக்கொள்வது பாதுகாப்பானது.